மீயுரை: ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்னும் சொல்லும் அதன் தமிழும்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ திருவாரூரிலோ கணினி அறிவியல் படிக்கும் மாணவரிடம், இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். என்பதன் விரிவைக் கேட்டால், ‘ஹைப்பர்டெக்ஸ்ட் மார்க்அப் லாங்குவேஜ்’ என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். அதில் ‘ஹைப்பர்’ என்றால் என்னவென்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இணையதள வடிவமைப்பின் முதல் பாடம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது என்பதால், அதை மனப்பாடமாகக் கடந்துபோவது இழப்பே.

‘ஹைப்பர்’ கிரேக்க முன்னொட்டு; மேலே, அப்பால் என்று பொருள். ‘டெக்ஸ்ட்’ இலத்தீனிலிருந்து வந்தது. நெய்தல் என்னும் வினையே அதன் வேர். இவ்விரண்டையும் சேர்த்து ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்று 1965இல் எழுதியவர் அமெரிக்கரான டெட் நெல்சன். தாளில் வசதியாக அச்சிட்டுக் காட்ட இயலாத அளவுக்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எழுத்துத் தொகுதியையே அவர் அப்படி அழைத்தார். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டம் அந்தக் கருத்தைக் கணினி வலையமைப்போடு இணைத்தது. 1991இல் உலகளாவிய வலை பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புத் தரும்போது நாம் எழுதும் ‘ஹெச்ரெஃப்’ என்னும் பண்பின் முதலெழுத்தும் இந்த ஹைப்பர்டெக்ஸ்டைக் குறிப்பதுதான்.

‘வலை’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட ‘வெப்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நெசவைச் சார்ந்தது. திருபுவனத்துத் தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து பட்டாவதைப் பார்த்தவருக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. தமிழும் இதே வழியில்தான் சென்றிருக்கிறது: இழைக்கும் புத்தகத்துக்கும் ‘நூல்’ என்ற ஒரே பெயரை வைத்தோம். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் நன்னூல் உருவகிக்கிறது.

அப்படியிருக்க, ஹைப்பர்டெக்ஸ்டுக்குத் தமிழில் ‘மீநூல்’ என்று பெயரிடாமல் ‘மீயுரை’ என்றது ஏன் என்று கேட்கலாம். ‘நூல்’ என்பது முழுமையான ஒரு படைப்பைக் குறிக்கும்; ‘டெக்ஸ்ட்’ அப்படியல்ல, எழுதப்பட்ட எந்தப் பகுதியும் டெக்ஸ்ட்தான். ‘உரை’ என்ற சொல்லுக்கு அந்த நெகிழ்வு உண்டு. சொல்லுவதும் உரை, உரைநடையும் உரை, மூலத்துக்கு எழுதும் விளக்கமும் உரை. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பொருந்துவதாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கடைசிப் பொருள்தான். நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லை விளக்கும் இடத்தில் நின்றுகொண்டு வேறு நூலின் அடியை மேற்கோளாகச் சுட்டினார்கள். படிப்பவர் அங்கே போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையோடு சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது பட்ட பாட்டில் ஒரு பகுதி, நூற்பெயர் சொல்லாமல் விடப்பட்ட மேற்கோள்களின் மூலத்தைத் தேடியதில் கழிந்தது. முகவரி எழுதப்படாத இணைப்புகளை ஏட்டுச்சுவடிகளில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார் என்றே சொல்லலாம். வளையாபதி போன்ற நூலோ முழுமையாகக் கிடைக்காமலேயே போயிற்று. பிறர் மேற்கோளாக எடுத்தாண்டவையும் தொகுத்து வைத்தவையுமான பாடல்கள்தாம் எஞ்சின. பக்கம் அழிந்த பிறகும் இணைப்பு மட்டும் நிற்கும் நிலை, பக்கம் கிடைக்கவில்லை என்று உலாவி காட்டும் ‘404’ என்ற எண்ணைக் கண்டவர்களுக்குப் புதிதன்று.

இனி முன்னொட்டு. ‘மீ’ என்றால் மேல். மரக்கலத்தைச் செலுத்துபவனுக்கு மீகாமன் என்று பெயர். பள்ளிக் கணக்கில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்திருக்கிறோம். ஆகவே இது அகராதியிலிருந்து வலிந்து எடுத்த முன்னொட்டு அன்று. சிலர் ‘மிகையுரை’ என்று எழுதுகிறார்கள். மருத்துவத்தில் ‘ஹைப்பர்’ அளவுக்கு மீறியதைக் குறிப்பதால் அங்கே மிகை பொருந்தும். இங்கே எதுவும் அளவு மீறவில்லை, உரை தன் எல்லைக்கு அப்பால் நீள்கிறது, அவ்வளவே. மிகையுரை என்றால் உயர்வு நவிற்சி என்றுதான் தமிழ்க் காது கேட்கும். ‘அதியுரை’ என்பதிலும் அதே குறை உண்டு.

‘மார்க்அப்’ என்பது அச்சுக்கூடத்துச் சொல். எந்த வரி தலைப்பு, எது சாய்வெழுத்து என்று அச்சுக் கோப்பவருக்காகக் கையெழுத்துப் படியின் ஓரத்தில் இட்ட குறிகளே மார்க்அப். எனவே ‘குறியீட்டு மொழி’ என்பதைவிடக் ‘குறிமொழி’ சுருக்கமாகவும் செயலுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. கணினி நிரலைக் குறிக்கும் ‘கோட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் குறியீடு என்றே எழுதிவருவதால் நேரும் குழப்பமும் தவிரும். ‘ஹைப்பர்லிங்க்’ என்பதற்கு மீயிணைப்பு என்ற சொல் இருந்தாலும், இடம் தெளிவாக இருக்கும்போது இணைப்பு என்றாலே போதும்.

எழுதும்போது புணர்ச்சியையும் கவனிக்க வேண்டும். ‘மீ உரை’ என்று பிரித்தோ ‘மீவுரை’ என்று வகர உடம்படுமெய் இட்டோ எழுதுவது பிழை; ஈகாரத்தின் பின் யகரமே வரும் என்பதால் மீயுரை. அதன்பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: எச்.டி.எம்.எல். மீயுரைக் குறிமொழி, எச்.டி.டி.பி. மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை.