மண்சுவரைப் பிடித்து நிறுத்துவது எது?

"ஆப்பிரிக்காவில் இன்னும் மண்ணால்தான் கட்டுகிறார்களே, வறுமைதான் காரணமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வறுமை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்பே ஆறு வந்துவிடுகிறது. மாலி நாட்டின் ஜென்னே நகரத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

நைஜர் ஆறு கினியாவின் மலைகளில் பிறக்கிறது. அங்கிருந்து அட்லாண்டிக் கடல் ஏறக்குறைய 240 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறு கடலுக்கு முதுகைக் காட்டி சகாராவை நோக்கி ஓடுகிறது. மாலியின் நடுவே தரை தட்டையாகிவிடுவதால் வெள்ளம் பரந்து, வேகம் குறைந்து, வண்டலைக் கீழே இறக்கிவிடுகிறது. அந்தச் சமவெளியில், நைஜரின் துணையாறான பானியின் கரையில் இருக்கிறது ஜென்னே. கட்டுவதற்கான கல் பக்கத்தில் இல்லை, சுள்ளைக்கு எரிக்கக் காடும் இல்லை. களிமண் மட்டும் வேண்டிய அளவு. 1907-இல் மறுபடி கட்டப்பட்ட அதன் பெரிய பள்ளிவாசல், உலகின் மிகப் பெரிய மண்கட்டடங்களில் ஒன்று. நகரம் 1988 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

சரி, சுடாத மண் எப்படி நிற்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடற்கரையில் காய்ந்த மணலால் வீடு கட்ட முடியாது. ஈர மணலால் முடியும். மணல் துகள்களுக்கு நடுவே மிகச் சிறிய நீர்ப்பாலங்கள் உண்டாகின்றன. நீரின் பரப்பு இழுவிசை அந்தத் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. களிமண் துகள்களோ இரண்டு மைக்ரானுக்கும் சிறிய தட்டுகள். இடைவெளி குறுகக் குறுகப் பிடி இறுகும் என்பதால், மணலைவிட இங்கே பிடி பல மடங்கு வலுவானது. கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் சுவருக்குள்ளும் காற்றின் ஈரத்தில் கொஞ்சம் தங்கியிருக்கிறது. சுவர் நிற்பதில் அந்தக் கொஞ்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மழை பெய்து இடைவெளிகள் முழுதும் நிரம்பினால் நீருக்கும் காற்றுக்கும் நடுவே இருந்த பரப்பே மறைந்துபோகும். இழுவிசையும் போய்விடும், சுவர் சேறாகிவிடும். கட்டுவதும் நீர், கரைப்பதும் நீர். அளவு மட்டுமே வேறு!

களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் மணல் சேர்க்கிறார்கள். நெல் உமி சேர்க்கிறார்கள். உமி, பெரிய வெடிப்பு ஒன்று ஓடுவதைத் தடுத்துச் சின்னச் சின்ன கீறல்களாகப் பிரித்துவிடுகிறது. அப்புறம் அந்தச் சேற்றைப் பல நாட்கள் புளிக்க விடுகிறார்கள். நாற்றம் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் பசைப்பொருள்கள் துகள்களைக் கட்டிப்பிடிக்க உதவுகின்றன.

சுவரின் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 60 சென்டிமீட்டர். பகல் வெயிலின் சூடு அதைக் கடந்து உள்ளே வர 10 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் வெளியே இரவு வந்து குளிர்ந்துவிடும்.

ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன், பெரும்பாலும் ஏப்ரலில், ஊரே கூடிப் பள்ளிவாசலுக்குப் புதுப் பூச்சு பூசுகிறது. சிறுவர்கள் சேறு மிதிக்க, பெண்கள் தண்ணீர் சுமக்க, கொத்தனார்கள் மேற்பார்வை பார்க்க, இளைஞர்கள் கூடை கூடையாகச் சேற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளே ஏறி நின்று பூசுவதற்கான சாரம். அது ஆப்பிரிக்கப் பனை. நம் பனையும் அதுவும் பொராசஸ் என்ற ஒரே பேரினம். ஊரின் கொத்தனார்களுக்கெனத் தனிச் சங்கம் இருக்கிறது. சேற்றின் பக்குவம் அவர்கள் கைவழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதைக் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது தவறு. அது பொருளறிவியல்தான். நம் பொறியியல் கல்லூரிகளில் சிமென்ட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது மண்ணுக்கும் கொடுக்க வேண்டும், ஆய்வுப் பணமும் அந்தப் பக்கம் கொஞ்சம் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பராமரிப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்து, பள்ளிவாசல் கோபுரம் ஒன்றின் மேற்பகுதி சரிந்தது. புதுப்பிக்கும் வேலையின்போது, பல பத்தாண்டுகளாக ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிச் சேர்ந்திருந்த பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது.