ஊறிய கட்டையும் நீலப் புகையும்

இறைச்சிக்குப் புகையூட்டும் முன் மரக்கட்டையைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். சந்தேகமிருந்தால் இரவு முழுக்க ஊறிய கட்டை ஒன்றைப் பிளந்து பாருங்கள். ஈரம் பெரும்பாலும் மேலோடு நின்றிருக்கும். தணலில் போட்டதும் அதிலிருந்து முதலில் கிளம்புவது நீராவிதான். ஈரம் வற்றும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. மரம் வெப்பத்தில் சிதைந்து மணம் தரவோ 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, ஊற வைத்ததில் மிச்சம் தாமதம் மட்டுமே. இருந்தும் இதை ஒரு சடங்குபோல விடாமல் செய்கிறார்கள்!

மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் இருப்பது பள்ளிப் பாடம். முதல் இரண்டும் சிதைந்து இறைச்சிக்கு நிறம் தருகின்றன. லிக்னின் சிதைந்தால் புகைச்சுவை தரும் குவாயகாலும், புகைமணம் தரும் சிரிங்காலும் கிடைக்கும். ஓக், ஆப்பிள், செர்ரி மரங்களில் இரண்டும் உண்டு. பைன் வகையில் சிரிங்கால் அநேகமாகக் கிடையாது. போதாக்குறைக்கு அதன் பிசின் கரும்புகையாகிக் கசக்கும்.

சரி, கட்டை காய்ந்திருக்கிறது, மரமும் நல்ல மரம். புகை நன்றாக வருகிறதா என்று எப்படித் தெரியும்? நிறத்தைப் பாருங்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் கட்டையிலிருந்து வரும் ஆவியில் பெரும்பகுதி எரிந்துபோகும். மிஞ்சியது குளிர்ந்து, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகளாகிறது. அவ்வளவு சிறிய துளி சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். அதனால் இருண்ட சுவருக்கு முன்னால் அதே புகை மெல்லிய நீலமாகத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பழுப்பாகிவிடும், நீலம் பக்கவாட்டில் சிதறிப்போய்விட்டதல்லவா! காற்று குறைந்தால் எரியாத ஆவி பெருகி, துளிகள் ஒன்றுசேர்ந்து பருக்கும். பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிப்பதால் புகை வெள்ளையாகும். அந்த வெள்ளையில் இருக்கும் தார்தான் இறைச்சியில் படிந்து கசக்கிறது. துகளின் அளவைச் சொல்ல விலையுயர்ந்த கருவியெல்லாம் தேவையில்லை, கண்ணே போதும் என்பது எனக்கு அலுக்காத ஆச்சரியம்.

என் கணிப்பில், எந்த மரம் என்ற வாதத்தைவிடக் காற்றுத் திறப்பைக் கவனிப்பது பலன் தரும்.

கட்டையில் ஈரப்பதம் 15 முதல் 20 சதவீதம் இருந்தால் போதும். கைமுட்டி அளவே நல்லது. சீவல்கள் சட்டென்று எரிந்து தீர்ந்துவிடும். பூஞ்சை பிடித்தது, பெயின்ட் அடித்தது, ஒட்டுப்பலகை எதுவும் வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பழைய மரத்தில் ஆர்சனிக் என்ற நஞ்சுகூட இருக்கலாம்.