மரச்சீனி மேல பழி, கணையத்துல கல்லு

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் சுகர்னு பேச்செடுத்தா போதும், "மொதல்ல மரச்சீனிய நிப்பாட்டு மக்கா"ன்னு யாராவது ஒரு பெரியவர் சொல்லிருவாரு. மரச்சீனின்னா மரவள்ளிக் கிழங்கு. இந்தப் பேச்சுக்குப் பின்னாடி ஒரு பழைய மருத்துவ சந்தேகம் இருக்கு.

1959ல சூய்டெமாங்கிற டாக்டர் இந்தோனேசியாவுல, மரச்சீனிய நம்பி வாழ்ந்த ஏழைங்ககிட்ட ஒரு தினுசான சுகர பாத்து எழுதினாரு: ஒல்லி உடம்பு, ஆனா கணையத்துல கல்லு. 1960கள்ல கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ் இதே நோயோட ஏகப்பட்ட பேரப் பாத்தாரு, குடிக்காத ஆளுங்க. மரச்சீனியில இருக்கிற சயனைடு சமாச்சாரம்தான் காரணம்னு அப்ப நெனச்சாங்க. ஆனா தெனமும் மரச்சீனி தின்கிற ஆப்பிரிக்க ஊர் பலதுல இது அவ்வளவா இல்ல, மரச்சீனி அதிகம் தின்னாத இடத்துலயும் வருது, அதனால அந்தப் பழி நிக்கல.

கணையம் இன்சுலினும் சுரக்கும், செரிமான நொதியும் சுரக்கும். அதுல டிரிப்சின்னு ஒண்ணு, புரதத்த அறுக்கிறது, குடலுக்குப் போன பெறகுதான் முழிக்கணும், உள்ளயே முழிச்சிட்டா கணையத்தையே தின்னுடும். அத அடக்கி வைக்கிற ஒரு புரதத்துக்கான ஜீன் ஸ்பிங்க்1. இந்தியா, வங்காளதேச நோயாளிங்க பலபேர்கிட்ட இந்த ஜீன்ல ஒரு மாற்றம் இருக்குன்னு 2002 வாக்குல தெரிஞ்சது. சுகமா இருக்கிற சிலர்கிட்டயும் அதே மாற்றம் இருக்கு, அப்போ ஜீன் மட்டும் போதாது, கூட வேற ஏதோ சேரணும்.

நோயாளி பக்கத்துலருந்து பாத்தா, சின்ன வயசுல மேல்வயித்து வலி, முதுகுக்குப் பாயும், முன்னால குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் அடங்கும். கேஸ்னு சொல்லி மருந்து குடிச்சே வருஷம் ஓடிரும். அப்புறம் எடை கொறையும், வெளிக்குப் போனா எண்ணெய்ப் பிசுக்கா மிதக்கும், பல பேருக்கு முப்பது வயசுக்குள்ளயே சுகரும் வந்திரும். வயித்த எக்ஸ்ரே எடுத்தா முதுகெலும்ப ஒட்டி வெள்ள வெள்ளயா தெரியும், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கல்லு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் சி-பெப்டைடு. நம்ம உடம்பு இன்சுலின வெளிய விடும்போது கூடவே அதே அளவுக்கு சி-பெப்டைடும் வரும், ஊசியில போடுற இன்சுலின்ல அது கிடையாது, அதனால ஊசி போட்டுட்டு இருக்கிற ஆளுக்குக்கூட சொந்த கணையம் எவ்வளவு மிச்சமிருக்குன்னு கண்டுபிடிச்சிரலாம். இவங்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதனாலதான் சுகர் எகிறினாலும் டைப் 1 சுகர்க்காரங்க மாதிரி ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி மயங்கி விழறது அபூர்வம்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றது இதுக்குத்தான், ஹார்மோன் டாக்டர், கேஸ்ட்ரோ டாக்டர், சர்ஜன் மூணு பேரும் வேணும். கல்ல ஒடைச்சு எடுக்கலாம், வலி தாங்கலன்னா ஆபரேஷன். இன்சுலின் அளவ மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா பாக்கணும், ஏன்னா சுகர ஏத்துற குளுக்ககான்ங்கிற ஹார்மோன சுரக்கிற செல்லும் கணையத்தோட சேந்து அழிஞ்சிருக்கலாம், லோ சுகர் ஆனா தானா ஏறுறது கஷ்டம். கணையம் சுரக்காத செரிமான நொதிக்குப் பதிலா குடுக்கிற கேப்சூல சாப்பாட்டோடயே முழுங்கணும், சாப்ட்டு முடிச்சு கை கழுவிட்டு வந்து போட்டா பலன் கொறையலாம்.