மூங்கில் துண்டில் மூங்கில் எங்கே?

வீட்டுக்குப் புதிதாக ஒரு துண்டு வந்தது. அட்டையில் பச்சை இலைப் படம், கொட்டை எழுத்தில் ‘மூங்கில்’. தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல இருக்கிறது. மூங்கில் பிளந்து சிலாம்பு ஏறிய விரலுக்கு இதை நம்புவது கஷ்டம்.

மூங்கிலைக் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். வெளிறிய பரப்பில் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு குழாய்க்கற்றை: நீரும் உணவும் போகும் குழாய்கள், அவற்றை அணைத்தபடி நார்ச்செல்கள். உட்பக்கம் புள்ளிகள் பெரிதாகத் தள்ளித்தள்ளி இருக்கும். பச்சைத் தோலை நெருங்க நெருங்கச் சிறுத்து, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். காற்று வளைக்கும்போது அதிகம் இழுபடுவது வெளிப்பக்கம்தானே, பலமும் அங்கேதான் குவிந்திருக்கிறது. கூடை முடைபவர்கள் வெளிப்பட்டையை விரும்புவது சும்மா இல்லை.

நார்ச்செல்லின் சுவரில் தடித்த அடுக்கும் மெல்லிய அடுக்கும் மாறி மாறி வரும். தடித்த அடுக்குகளில், செடியின் உடலைக் கட்டும் முக்கியப் பொருளான செல்லுலோஸின் நுண்ணிழைகள் கிட்டத்தட்டத் தண்டின் போக்கிலேயே படுத்திருக்கின்றன. அதனால் நீளவாக்கில் இழுத்தால் லேசில் அறாது. இவற்றையெல்லாம் ஒட்டிப்பிடிக்கும் பசைதான் லிக்னின்.

சரி, இவ்வளவு பலமான நாரை நேராக நூற்கக் கூடாதா? சிக்கல் நீளத்தில். பருத்தி இழை சுமார் 25 முதல் 30 மில்லிமீட்டர். மூங்கிலின் தனி நார்ச்செல் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான். முறுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள அது போதாது. தண்டை நசுக்கி, நொதிகளில் ஊறவைத்து, நாரைக் கற்றையாகவே சீவி எடுக்கும் முறை உண்டு. லினன் மாதிரி துணி கிடைக்கும்; ஆனால் சொரசொரப்பு, செலவும் அதிகம்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு. 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் மூவரும் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறை அது. மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்து, மறுபடி காரத்தில் கரைத்தால் தேன்போன்ற கரைசல் வரும். அதை இடியாப்பம் பிழிவதுபோல நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிவார்கள். செல்லுலோஸ் மறுபடி உறைந்து, வேண்டிய நீளத்துக்கு இழையாகிறது. இந்த இழைதான் விஸ்கோஸ்; ரேயான் என்றும் சொல்வார்கள். அடுக்குச்சுவரும் லிக்னினும் காணாமல் போயிருக்கும். கார்பன் டைசல்பைடு நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சு. ரேயான் ஆலைத் தொழிலாளர்கள் பலர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். இலைப் படம் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

மென்மை வந்தது இந்தக் கரைசலில் இருந்துதான். மூலக்கூறுகள் பருத்தியைவிடத் தளர்வாக அடுக்கப்பட்டிருப்பதால் ஈரத்தையும் நன்றாக இழுக்கும்: வழக்கமான காற்று ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் நீரைப் பிடித்திருந்தால், விஸ்கோஸ் 11 முதல் 13 வரை போகும். அதே தளர்வுதான் பலவீனமும். நனைந்த பருத்தி இன்னும் கொஞ்சம் உறுதியாகும். நனைந்த விஸ்கோஸோ பலத்தில் பாதியளவை இழந்துவிடும்.

இதை ‘மூங்கில்’ என்று மட்டும் எழுதி விற்கலாமா? கூடாது என்கிறது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம். ‘மூங்கிலில் இருந்து செய்த ரேயான்’ அல்லது ‘விஸ்கோஸ்’ என்று எழுத வேண்டும். கிருமிகளைக் கொல்லும் மூங்கிலின் குணம் துணியிலும் இருக்கிறது என்ற விளம்பரத்தையும் அது ஏற்கவில்லை. 2022-இல் அமெரிக்கக் கடை நிறுவனங்களான வால்மார்ட், கோல்ஸ் இரண்டும் ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக மொத்தம் 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

என் துண்டின் ஓரத்தில் தைத்திருந்த நகக்கண் அளவுச் சீட்டிலும் ‘விஸ்கோஸ்’ என்றுதான் இருந்தது. துடைக்க அருமையான துண்டு, குறை சொல்ல மாட்டேன். ஈரத்தோடு முறுக்கிப் பிழிவதை மட்டும் விட்டுவிட்டோம்.