கல்லாவில் இருப்பதெல்லாம் உங்கள் பணமா?

"மிஷின் நிக்காம ஓடுதுங்க சார், காசுதான் நிக்க மாட்டேங்குது." கரூரில் 12 தையல் மிஷின் போட்டு, ஏற்றுமதிக்காரர்களுக்குத் தலையணை உறையும் மேசை விரிப்பும் தைத்துக் கொடுப்பவர் சொன்னது. வரிக் கணக்குப் பார்க்கும் எனக்கு மாதம் நாலு பேராவது இதையே சொல்கிறார்கள்.

பாஸ்புக்கைப் புரட்டினேன். பில்லோடு வசூலித்த ஜிஎஸ்டி, மகள் சீருக்குப் போயிருந்தது. 20ஆம் தேதி வரி கட்ட, ஒரு லட்சத்துக்குத் தண்டல் வாங்கியிருக்கிறார். கைக்கு வந்தது 85,000. தினம் 1,000 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"நூத்துக்குப் பதினஞ்சுதானே சார்?"

இல்லை. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்குவதால், 100 நாளில் சராசரியாக அவர் கையில் நிற்பது அந்த 85,000இல் ஏறக்குறையப் பாதிதான். வருடக் கணக்கில் வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. ஜிஎஸ்டியைத் தாமதமாகக் கட்டினால்கூட வருட வட்டி 18 சதவீதம்தான். தாமதியுங்கள் என்று சொல்லவில்லை. கடன் வாங்கும் முன் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு பக்கம், இவருக்கு வரவேண்டிய பாக்கி 90 நாளாக நிற்கிறது. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். புகார் கொடுக்க யாருக்கும் மனசு வராது, தெரியும். ஆனால் 2023 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கெடு தாண்டியும் கொடுக்காத பாக்கியை, கொடுக்கும் வருடம்வரை சரக்கு வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே பாக்கியைக் கொடுக்கச் சொல்லி அவரை விரட்டுவார். நீங்கள் செய்ய வேண்டியது, பில்லில் உத்யம் எண்ணை அச்சடிப்பது. (பதிவு இலவசம். புரோக்கருக்கு அழ வேண்டாம்.)

ஜிஎஸ்டிக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வைத்தேன். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 சம்பளம் என்று அவரே முடிவு செய்தார். முதல் மாதமே 31,000 எடுத்துவிட்டார். ஆனால் சிட்டையில் "முதலாளி பாக்கி 6,000" என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.