கூகுள் இருக்கேன்னு மூளை எதை விட்டுடுது?

எங்க வீட்ல ஈபி கார்டு எங்க இருக்குன்னு அப்பாவுக்குத்தான் தெரியும், எந்தக் கல்யாணம் எந்த வருஷம் நடந்துச்சு யாரு எவ்ளோ மொய் வெச்சாங்கன்னா அம்மாகிட்டதான் கேக்கணும். நான் இதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முயற்சி பண்ணதே இல்ல, கேட்டா சொல்ல ஆள் இருக்கே. டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1985லயே இதைப் பத்தி எழுதியிருக்கார். ஒண்ணா வாழுறவங்க ஞாபகத்தைத் தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கிறாங்க, எல்லாரும் எல்லாத்தையும் சுமக்கறதில்ல, எது யார்கிட்ட இருக்குங்கறத மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிறாங்கன்னு.

இன்டர்நெட் மூளையைக் கெடுக்குதா வளர்க்குதாங்கற கேள்விய இங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்னு எனக்குத் தோணுது. அதே வெக்னர், பெட்ஸி ஸ்பாரோ, ஜென்னி லியூ மூணு பேரும் 2011ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க. "நெருப்புக்கோழியோட கண்ணு அதோட மூளையை விடப் பெருசு" மாதிரி 40 துணுக்குகளைக் கொடுத்து கம்ப்யூட்டர்ல டைப் பண்ணச் சொன்னாங்க, பாதிப் பேர்கிட்ட இதெல்லாம் சேவ் ஆகும்னும் மீதிப் பேர்கிட்ட அழிஞ்சிடும்னும் சொல்லிட்டாங்க. அப்புறம் ஞாபகம் இருக்கறத எழுதச் சொன்னப்ப, அழிஞ்சிடும்னு நம்பினவங்கதான் அதிகமா எழுதினாங்க. இதுல என்னை யோசிக்க வெச்சது வேற ஒண்ணு. ரெண்டு குழுவுலயும் சில பேர்கிட்ட "இதை ஞாபகம் வெச்சுக்கோங்க"ன்னு தனியா சொல்லியிருந்தாங்க, அப்படிச் சொன்னதால பெருசா வித்தியாசமே வரல. அதாவது ஞாபகம் வெச்சுக்கணும்ங்கற எண்ணத்தை விட, இது வேற எங்கயோ பத்திரமா இருக்குங்கற நம்பிக்கைதான் முடிவு பண்ணிருக்கு.

இன்னொரு சோதனைல அதே மாதிரி துணுக்குகளை வேற வேற ஃபோல்டர்ல சேவ் பண்ணாங்க. துணுக்கு என்னங்கறத விட அது எந்த ஃபோல்டர்ல இருக்குங்கறதுதான் ஜனங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்பாகிட்ட கேளு, அம்மாகிட்ட கேளுங்கறது மாதிரியேதான்.

ஒண்ணு சொல்லிடணும், அந்த 2011 ஆய்வோட முதல் சோதனை (மேல சொன்ன ரெண்டும் இல்ல, அதுக்கு முன்னாடி செஞ்சது), கஷ்டமான கேள்வி கேட்டதுமே மனசு தானா கம்ப்யூட்டர் பக்கம் ஓடுதுன்னு சொன்னது, 2018ல வேற ஒரு குழு திரும்பச் செஞ்சப்ப அதே முடிவு வரல. அதனால கூகுள் மூளையை அழிச்சிடுச்சுன்னு வர்ற ஃபார்வேர்டுகளை அப்படியே நம்பிடாதீங்க.

சரி, இப்படி விட்டுடறது நஷ்டமா? எப்பவும் இல்ல. 2015ல பெஞ்சமின் ஸ்டார்ம், ஷான் ஸ்டோன்னு ரெண்டு பேர் செஞ்ச சோதனைல, முதல் ஃபைல்ல இருந்த வார்த்தைகளைப் படிச்சு சேவ் பண்ணிட்டு ரெண்டாவது ஃபைலைப் படிச்சவங்களுக்கு அந்த ரெண்டாவது நல்லா மனசுல நின்னுச்சு. முதலாவதைப் பத்தின கவலை இல்லாததால புதுசுக்கு இடம் கிடைச்சிடுச்சு. சேவ் ஆகறத நம்ப முடியாதுன்னு ஆனப்ப இந்த லாபமும் போயிடுச்சு. அவ்ளோ கணக்கா நடக்குது, மூளை இங்க சோம்பேறியா இல்ல, கெட்டும் போகல.

நான் நிஜமாவே கவலைப்படறது வேற இடத்துல. அதே ஸ்டார்ம் அப்புறம் செஞ்ச இன்னொரு ஆய்வுல, முதல்ல கஷ்டமான கேள்விகளுக்கு கூகுள்ல தேடினவங்ககிட்ட அடுத்து ரொம்ப சுலபமான கேள்விகளைக் கொடுத்தாங்க, அவங்கள்ல 30 சதவீதம் பேர் ஒரே ஒரு கேள்விக்குக்கூட தன் தலையில இருந்து பதில் சொல்லிப் பாக்கல, நேரா தேடப் போயிட்டாங்க. தெரியாததால இல்ல, முயற்சியே பண்ணல. யேல் பல்கலைக்கழகத்துல மேத்யூ ஃபிஷர் குழு 2015ல பாத்தது இன்னும் கொஞ்சம் பயமா இருக்கு. துணில இருக்கற ஜிப் எப்படி வேலை செய்யுதுங்கற மாதிரி கேள்விகளை நெட்ல தேடினவங்க, சம்பந்தமே இல்லாத வேற விஷயங்கள்லயும் தனக்கு நல்லா தெரியும்னு மார்க் போட்டுக்கிட்டாங்க. வெளிய இருக்கற அறிவுக்கும் உள்ள இருக்கறதுக்கும் நடுவுல இருக்கற கோடு அழிஞ்சுடுது. அப்பாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், கூகுள் விஷயத்துல அது மறந்துடுது.

முயற்சி பண்ணாம விடறது ஏன் முக்கியம்னா, ஞாபகங்கறது அலமாரில இருந்து எடுத்துட்டுத் திரும்ப வைக்கற பொருள் இல்ல. எடுக்கற ஒவ்வொரு தடவையும் அது பலமாகுது. ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006ல மாணவர்களை வெச்சு இதைக் காட்டினாங்க, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்களை விட, ஒரு தடவை படிச்சுட்டு பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகமா நினைவுல இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துலயே டெஸ்ட் வெச்சா திரும்பப் படிச்சவங்கதான் மேல, அதனாலதான் நாம ஏமாந்துடறோம்.

அதோட யோசனைங்கறதே உள்ள இருக்கற விஷயங்களை வெச்சுத்தான் நடக்குது. ஒரே நேரத்துல மனசுல ஏந்திப் பிடிக்க முடியறது நாலு விஷயம் மாதிரிதான், ஆனா ஏற்கெனவே ஆழமா தெரிஞ்சது பெரிய கட்டா ஒரே விஷயமா வந்து உக்காரும். போன்ல இருக்கற தகவல் அப்படி வராது, அது இருக்குன்னு தெரிஞ்சு நாம தேடிப் போனாத்தான் உண்டு. நடந்துக்கிட்டு இருக்கறப்ப திடீர்னு ஒரு பழைய விஷயம் புது விஷயத்தோட ஒட்டிக்கறது போனுக்குள்ள இருக்கற தகவலுக்கு நடக்கவே நடக்காது.

இப்ப நான் எதைத் தேடறதுக்கு முன்னாடியும் ஒரு அரை நிமிஷம் யூகிச்சுப் பாக்கறேன், தப்பா இருந்தாலும் பரவால்லன்னு. கோர்னெல், ஹேஸ், ப்யோர்க் மூணு பேரும் 2009ல செஞ்ச ஆய்வு சொல்றது, யூகம் தப்பாப் போனாலும் உடனே சரியான பதிலைப் பாத்துட்டா, யூகிக்காம நேரா படிச்சதை விட அது நல்லா நிக்குது. ஆஸ்திரேலியாவோட தலைநகர் சிட்னின்னு நினைச்சுட்டு அப்புறம் தேடிப் பாருங்க, கான்பெரா அதுக்கப்புறம் போகவே போகாது.