ஒரே கம்பெனி, நாலு பெட்ரோல் இன்ஜின்: நம்ம ஊர் ரோட்டுக்கு எது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்கோட்டிலிருந்து வழக்கமாக வரும் வாத்தியார் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. கையில் மட்டும் நாலைந்து கலர் பிரோஷர். "தம்பி, பையன் பெங்களூருல உக்காந்துகிட்டு டர்போ எடு, டர்போ எடுன்னு உயிரை வாங்கறான். ஷோரூம்ல கேட்டா எல்லாமே சூப்பர்ங்கறாங்க. நீ சொல்லுப்பா" என்றார்.

தருமபுரியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பெட்ரோல் வண்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். "எந்தக் கார் எடுக்கலாம்ணா?" என்று கேட்டு வாரத்துக்கு நாலு போன் வரும். எந்த இன்ஜின் என்று கேட்பவர் மாதத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஒரே பெயர், ஒரே பாடி, ஒரே கலரில் நிற்கும் இரண்டு கார்களுக்குள் குணமே வேறான இரண்டு இன்ஜின்கள் இருக்கலாம். சன்ரூஃப் இருக்கிறதா, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்று பார்ப்பதில் பாதி நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும். அதனால் அன்று வாத்தியாரிடம் பேசியதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவர் கொண்டுவந்தது ஹூண்டாய் பிரோஷர்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவோடு ஆரம்பித்த கம்பெனி. அதன் வரிசையில் பெட்ரோல் இன்ஜின்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால் விளக்குவதும் சுலபம். மாருதி, டாடாவிலும் எண்கள் மாறுமே தவிர, பார்க்க வேண்டிய விதம் இதேதான்.

கீழ்ப்படியில் 1.2 லிட்டர். 1197 சிசி, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. 83 பிஎஸ் சக்தி, 114 என்எம் இழுவை. நியோஸ், ஆரா, எக்ஸ்டர், ஐ20, வென்யூ என அஞ்சு வண்டிக்கும் இந்த ஒரே இன்ஜின்தான் அடிப்படை. அடுத்தது 1.0 டர்போ. 998 சிசி, மூணே சிலிண்டர், ஆனால் 120 பிஎஸ், 172 என்எம். வென்யூவிலும் ஐ20 என் லைனிலும் வருகிறது. அதற்கு மேலே கிரெட்டாவிலும் வெர்னாவிலும் இருக்கும், டர்போ இல்லாத சாதா 1.5. அது 1497 சிசி, 115 பிஎஸ், 144 என்எம். உச்சியில் 1.5 டர்போ. 1482 சிசி, 160 பிஎஸ், 253 என்எம்.

வாத்தியார் கணக்கு வாத்தியார். உடனே பிடித்துவிட்டார். "ஒரு லிட்டர் இன்ஜினுக்கு 120, ஒன்றரை லிட்டருக்கு 115ஆ? அச்சுப் பிழையா?"

பிழை இல்லை. சாதா இன்ஜின் தானாக எவ்வளவு காற்றை இழுக்க முடியுமோ அவ்வளவைத்தான் இழுக்கும். டர்போவில், சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றுகிறது. அந்த விசிறி மறுபக்கம் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் என்றால் அதற்கேற்ற பெட்ரோலும் அதிகம், அடியும் பலம். ஊதுலையில் துருத்தி போடுகிற வேலைதான்.

ஆனால் நான் அவரிடம் காட்டியது பிஎஸ் எண்ணை அல்ல. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்பிஎம்மை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்ணை. 1.2 இன்ஜினின் 114 என்எம் முழுசாகக் கிடைப்பது 4000 ஆர்பிஎம்மில். 1.0 டர்போவின் 172 என்எம் 1500லேயே வந்துவிடுகிறது, 4000 வரை அப்படியே நிற்கிறது. சாதா 1.5க்கு 4500 வரை போக வேண்டும். 1.5 டர்போ 1500லிருந்து 3500 வரை 253ஐக் கொடுக்கிறது.

இழுவையை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் இன்ஜின் தரும் பிஎஸ் கிடைக்கும். 2000 ஆர்பிஎம்மில் 1.0 டர்போ 49 பிஎஸ் தருகிறது. அதே 49ஐ 1.2 தர வேண்டுமானால் 3000ஐத் தாண்டியாக வேண்டும், வேறு வழியே இல்லை. 1.5 ஜோடியிலும் இதே கதைதான். டர்போ 2000இல் தரும் 72 பிஎஸ்ஸுக்கு, சாதா 1.5 குறைந்தது 3500 சுற்ற வேண்டும். வாத்தியார் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துப் பிரோஷர் ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இது காகிதக் கணக்கு. ரோட்டில் எங்கே தெரியும் என்றால், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் தெரியும். அஞ்சு பேர், பின்னால் துணிக்கடைப் பைகள், ஏசி ஓடுகிறது. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டு ஏறுகிறது. அதைத் தாண்ட 1.2 காரில் மூணாவது கியருக்கு இறக்க வேண்டும், சில இடத்தில் இரண்டாவதுக்கே. இன்ஜின் கத்தும். பெண்டாட்டி முறைப்பார். வண்டி ஏறும், ஆனால் அவசரப்படாது. டர்போவில் கியரைத் தொடாமலே தாண்டிவிடலாம்.

இந்த இடத்தில்தான் என்னிடம் வரும் புகார்களில் பாதி பிறக்கிறது. ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர் புது வண்டியோடு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். உயரமான சின்ன எஸ்யூவி, டர்போ இல்லாத இன்ஜின். "பிக்கப்பே இல்லண்ணா. ஷோரூம்ல ரெண்டு தடவை காட்டிட்டேன், ஒண்ணும் இல்லைங்கறாங்க." நானும் ஸ்கேனர் போட்டேன், பிளக் கழற்றினேன், ஏர் ஃபில்டர் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை. ஹேட்ச்பேக்கில் அழகாக ஓடும் இன்ஜினை அதைவிடக் கனமான, காற்றை நெஞ்சால் தள்ளும் பாடியில் வைத்தால் அது எப்படி ஓடுமோ அப்படித்தான் ஓடியது. ஏற்றத்தில் டாப் கியரைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு கியர் இறக்குங்கள் என்று சொல்லி மேலுமலை வரை கூட்டிப்போய்க் காட்டினேன். பாதி மனக்குறை போனது. மீதிக் குறை அவர் அந்த இன்ஜினைத் தேர்வு செய்த அன்றே முடிவானது, அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். நூறு மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். சென்னையில் ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போன சாதா இன்ஜின், ஓசூரில் 8 சதவீதம் அளவுக்குக் குறைந்த மூச்சோடுதான் ஓடும். ஏற்காட்டில் அதைவிடக் குறைவு. டர்போ அந்தக் குறையைத் தானே அமுக்கி ஈடுகட்டிக்கொள்ளும்.

அப்போ எல்லோரும் டர்போவே எடுக்கலாமா? இங்கேதான் எனக்கு வாத்தியார் பையனோடு ஒத்துப்போகவில்லை.

தக்காளி வியாபாரி ஒருவர் ஒரு லிட்டர் டர்போ கார் வைத்திருக்கிறார். இதுவும் எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. வீட்டிலிருந்து மண்டிக்கு இரண்டு கிலோமீட்டர். விடிவதற்கு முன்னே கிளம்பி மண்டிக்குப் போவார், வீட்டுக்கு வருவார், மறுபடி மண்டி. மார்கழிக் குளிரில் இன்ஜின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். சர்வீஸுக்கு வந்தபோது டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு கோட்டுக்கு மேலே. ஆயில் குறைவதைப் பார்த்திருப்பீர்கள், இது கூடியிருந்தது. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை.

நடந்தது இதுதான். இந்த வகை டர்போக்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. ஜிடிஐ என்று பிரோஷரில் எழுதியிருப்பார்களே, அது. குளிர்ந்த இன்ஜினில் கொஞ்சம் பெட்ரோல் எரியாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, கீழே வழிந்து ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் சூடாகி அது ஆவியாகிவிடும். இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் சேர்ந்துகொண்டே போகும், ஆயில் நீர்த்துவிடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேலே சுற்றும் டர்போ தண்டு அந்த ஆயிலை நம்பித்தான் நிற்கிறது. அவருக்குச் சொன்னது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு நாள் கிருஷ்ணகிரி வரைக்கும் ஓட்டிவிட்டு வாருங்கள், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.

சாதா 1.2விலும் 1.5விலும் பெட்ரோல் வால்வுக்கு வெளியே, காற்றுக் குழாயில் தெளிக்கப்படுகிறது. போகிற வழியில் இன்டேக் வால்வைக் கழுவிக்கொண்டே போகும். ஜிடிஐயில் அந்தக் கழுவல் இல்லை. ஆயில் புகை படிந்து படிந்து வால்வில் கரி ஏறும். டவுன் ஓட்டம் மட்டுமே ஓடிய வண்டிகளில் சீக்கிரம் ஏறும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இதற்கு உதவாது. அந்தப் பெட்ரோல்தான் வால்வைத் தொடுவதே இல்லையே! தெரிந்தே அதை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

டர்போவை 1200, 1300 ஆர்பிஎம்மில் டாப் கியரில் வைத்து அழுத்தாதீர்கள். பிளக் பொறிக்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த அந்தத் தரத்தில் இதற்கான சோதனையும் சேர்த்தி. ஒகேனக்கல் போய்விட்டுப் பென்னாகரம் ஏற்றத்தை முழு பாரத்தோடு ஏறி வந்து டீக்கடையில் நிறுத்தினால், உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

ஏற்றத்தைப் பற்றியே பேசிவிட்டேன். தொப்பூர் பெயரெடுத்திருப்பது இறக்கத்துக்குத்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலுக்காகப் பெட்ரோல் செலவாகும், பிரேக்கும் சூடேறும். சின்ன இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் குறைவு என்பதால், ஒரு லிட்டர் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் இன்னும் ஒரு கியர் கீழே இருப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றி இறங்குங்கள்.

கியர்பாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஓசூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஊர்ந்து போகிறவர்களுக்கு, சாதா 1.5வோடு வரும் ஐவிடி என்ற ஆட்டோமேட்டிக் நிம்மதி. டர்போவோடு வரும் டிசிடி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வேகமானது, ஆனால் உள்ளே இருப்பது கிளட்ச். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரில் வண்டியை நிறுத்தி வைத்தால் சூடாகித் தேயும்.

மைலேஜில் ஒரு வேடிக்கை. கிரெட்டாவில் சாதா 1.5 மேனுவலுக்குச் சொன்ன அராய் கணக்கு, அதாவது வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பின் கணக்கு, லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர், டர்போ டிசிடிக்கு 18.4. டர்போ அதிகம் கொடுக்குமாம்! மெதுவான கால் இருந்தால் கொடுக்கும். ஆனால் 253 என்எம் காலடியில் இருக்கும்போது மெதுவான கால் எத்தனை பேருக்கு இருக்கிறது? இதோடு இப்போது பங்க்கில் கிடைப்பது இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் போய்விடும். மைலேஜ் குறைந்தது என்று இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வரியையும் பாருங்கள். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோலில் 1200 சிசிக்குள் என்றால் சின்னக் கார். 1197 என்ற எண் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒட்டி நிற்பது தற்செயல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கோட்டைத் தாண்டினால் 40. வென்யூவிலிருந்து கிரெட்டாவுக்குத் தாவும்போது இன்ஜினோடு இந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசல் சமதளத்தில் தனியாக ஓட்டிவிட்டு வராதீர்கள். வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றுங்கள், ஏசியைப் போடுங்கள், ஏதாவது ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுங்கள். சேல்ஸ் பையன் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

வாத்தியாரிடம் கடைசியாக மூணு கேள்வி கேட்டேன். தினசரி எவ்வளவு? பள்ளிக்கூடம் போகவர பன்னிரண்டு கிலோமீட்டர். எத்தனை பேர்? நானும் டீச்சரும். நெடுந்தூரம்? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சேலம் ஆஸ்பத்திரி.

"சார், உங்களுக்கு 1.2 தாராளம்" என்றேன். "பையன் கோவிச்சுக்குவானே" என்றார். தினமும் ஓட்டப்போவது யார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே பிரோஷர்களை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனார். போன வாரம் பூஜை போட்ட புது வண்டியோடு வந்தார், நம்பர் பிளேட்டில் மஞ்சள் குங்குமம் இன்னும் காயவில்லை. 1.2தான். பின் சீட்டில் பையன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, "அண்ணா, தொப்பூர்ல எந்தக் கியர்ல ஏறணும்னு அப்பாவுக்குச் சொல்லிக் குடுங்க" என்றான்.